ஏவலருக்கு வாழ்நாள் தடை! ஏய்த்தவருக்கு ஐந்தாண்டுத் தடை!

குற்றத்திற்கு ஒறுப்பு உண்டு. ஒறுப்பிற்கு எல்லை உண்டு. இவ்விரண்டும் சேர்ந்ததே முறை. முன்னதை மட்டும் கைக்கொண்டு பின்னதைக் கைவிட்ட அரசு முறைசெய்யும் அரசன்று; பழிதீர்க்கும் அரசு. தண்டனை முடிந்து வெளியே வந்த ஒருவனை அவன் சாகும்வரை பின்தொடர்ந்து சென்று, அவன் உண்ணும் சோற்றில் மண்ணை அள்ளிப் போடும் சட்டம் ஒன்று இந்நாட்டில் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக உயிரோடு இருக்கின்றது. அதைப்பற்றிப் பேசுவார் இல்லை. அதனால் அடிபட்டவர்களுக்கோ பேச வாயில்லை.

அச்சட்டத்தின் பெயர் வைப்பக ஒழுங்குமுறைச் சட்டம். 1949-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. மக்கள் வங்கி என்று வழங்கும் வைப்பகங்களைக் கட்டியாள்வது அதுவே. அதன் 10-ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு உண்டு. ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்திற்காகக் குற்றவியல் மன்றத்தால் தண்டிக்கப்பட்டவரை, அல்லது முன்பு எப்போதேனும் தண்டிக்கப்பட்டிருந்தவரை, எந்த வைப்பகமும் வேலைக்கு அமர்த்தக் கூடாது. அமர்த்தியிருந்தால் தொடரவிடக் கூடாது என்பது அதன் கருத்து. நொடித்துப் போனவர் என்று எப்போதேனும் அறிவிக்கப்பட்டவருக்கும், கடன் கொடுத்தவரோடு இணக்கத் தீர்வு செய்துகொண்டவருக்கும் அதே தடை, அதே உட்பிரிவில், அதே மூச்சில் கூறப்பட்டுள்ளது.

இதைப் படிப்பவர் முதலில் தேடவேண்டியது ஓர் எண்ணை. எத்தனை ஆண்டுகளுக்கு இத்தடை? ஐந்தா, பத்தா, இருபதா? அந்த எண் அங்கே இல்லை. பதினெட்டு அகவையில் அறியாமல் செய்த பிழைக்கும், நாற்பது அகவையில் திட்டமிட்டுச் செய்த திருட்டுக்கும் அங்கே வேறுபாடு இல்லை. பணப்பெட்டியின் திறவுகோலை வைத்திருப்பவருக்கும், தாள்கட்டுகளை மேசைக்கு மேசை சுமந்து செல்லும் ஏவலருக்கும் வேறுபாடு இல்லை. தண்டனை ஒருநாள் முடிந்துவிடும். தடை மட்டும் முடிவதே இல்லை.

அரசு பிறருக்கு எவ்வாறு அளந்திருக்கின்றது என்பதைப் பார்த்தால்தான் இக்கொடுமையின் முழு உருவமும் விளங்கும்.

முதலில் சட்டம் இயற்றுவோரைப் பார்க்கலாம். 1951-ஆம் ஆண்டின் மக்கள் படிநிகராண்மைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, ஈராண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர், விடுதலையான நாளிலிருந்து 6 ஆண்டுகள் கழியும்வரை தேர்தலில் நிற்க முடியாது. ஏழாம் ஆண்டில் அவர் நிற்கலாம், வெல்லலாம், அமைச்சருமாகலாம். வைப்பகச் சட்டத்தைத் திருத்தும் அவையில் அமர்ந்து கைதூக்கலாம். ஆனால், அவருக்கு ஓலை கொண்டுவந்து கொடுக்கும் வைப்பக ஏவலர் வேலையில் இருக்க முடியாது!

அடுத்து முதலாளிகளைப் பார்க்கலாம். 2013-ஆம் ஆண்டின் குழுமங்கள் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி, ஒழுக்கக்கேடான குற்றத்திற்கோ பிறிதொரு குற்றத்திற்கோ ஆறு திங்களுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர், அத்தண்டனை முடிந்து 5 ஆண்டுகள் கழிந்தால் மீண்டும் ஒரு குழுமத்தின் இயக்குநராகலாம். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை பெற்றவருக்கே நிலையான தடை. அதாவது, அச்சட்டத்திற்கு எண்ணத் தெரியும்! பெருங்குற்றம் எது, சிறுகுற்றம் எது என்று பிரித்தறியத் தெரியும். அந்த இயக்குநர் வைப்பகத்தின் முன்வாயில் வழியாக வந்து கோடிக்கணக்கில் கடன் கேட்கலாம். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்த ஏவலர், அதே குற்றத்திற்குப் பாதித் தண்டனை பெற்றிருந்தாலும், பின்வாயில் வழியாக வெளியே போகவேண்டும்.

இறுதியாக ஏய்ப்போரைப் பார்க்கலாம். ரிசர்வு வங்கி என்று வழங்கும் காப்பு வைப்பகம், கொடுக்க வழியிருந்தும் வேண்டுமென்றே கடனைத் திருப்பிக் கொடாதவர்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கின்றது. அப்பட்டியலிலிருந்து பெயர் நீங்கி 5 ஆண்டுகள் கழிந்தால், புதுத்தொழில் தொடங்க அவர்கள் மறுபடியும் கடன் கேட்கலாம். ஏய்ப்பு என்றே வகைப்படுத்தப்பட்ட கடனாளியும், ஏய்த்த தொகையை முழுதும் கட்டி 5 ஆண்டுகள் கழிந்தபின் மறுபடியும் வரலாம். இது போதாதென்று, 2023 சூன் 8-ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கையில், இவ்விரு வகையாரோடும் வைப்பகங்கள் இணக்கத் தீர்வு செய்துகொள்ளலாம் என்று காப்பு வைப்பகம் வழிகாட்டியது. இந்த 'இணக்கத் தீர்வு' என்னும் சொல் முன்பே எங்கோ கேட்டது போலில்லையா? கடன் கொடுத்தவரோடு இணக்கத் தீர்வு செய்துகொண்ட ஏழையை வைப்பக வேலைக்கே தகாதவன் என்கின்றது 1949-ஆம் ஆண்டுச் சட்டம். வைப்பகத்தையே ஏய்த்தவனோடு இணக்கத் தீர்வு செய்துகொள்க என்கின்றது 2023-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை. ஏழை செய்தால் இழுக்கு. செல்வர் செய்தால் தீர்வு!

ஆறாண்டில் சட்டமன்றக் கதவு திறக்கின்றது. ஐந்தாண்டில் குழுமத்தின் கதவு திறக்கின்றது. ஐந்தாண்டில் கடன் கதவும் திறக்கின்றது. ஏவலரின் கதவு மட்டும் என்றென்றும் மூடிக் கிடக்கின்றது. இதற்குப் பெயர் வைப்பகக் காப்பா? இல்லை, வலியார்க்கு ஓர் அளவும் மெலியார்க்கு ஓர் அளவும் வைத்த கள்ளத் தராசு.

இனி, 'ஒழுக்கக்கேடு' என்பது யாது? அச்சட்டம் அதற்குப் பொருள் கூறவில்லை. ஆங்கிலச் சட்டநூல்களில் வழங்கிய ஒரு சொற்றொடரை அப்படியே தூக்கிவந்து நட்டுவிட்டார்கள். எந்தக் குற்றம் அதனுள் அடங்கும், எது அடங்காது என்ற பட்டியல் இல்லை. ஒரு மாந்தனின் பிழைப்பைப் பறிக்கும் சொல்லுக்கு எல்லை வகுக்காமல், அதைத் தாங்கும் சட்டத்தை அவனுக்குப் புரியாத மொழியில் எழுதிவைத்து, அதன் பொருளை மேலாளரின் விருப்பத்திற்கு விட்டுவிட்டது நாடாளுமன்றம். இச்சொல்லின் பொருளை அறியவேண்டுமானால் வழக்குமன்றப் படியேற வேண்டும். வேலையிழந்தவனிடம் படியேறப் பணம் ஏது?

அவ்வாறு படியேறிய ஒருவரின் வழக்கு தமிழ் மக்கள் நன்கு அறியவேண்டியது. அவர் சுடேட்டு பாங்கு எனப்படும் அரசு வைப்பகத்தில் ஏவலராகப் பணிபுரிந்தவர். ஓர் அடிதடி வழக்கில், காயம் விளைவித்தமைக்காக, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 324-ஆம் பிரிவின்கீழ் மூன்று திங்கள் சிறைத்தண்டனை பெற்றார். மேன்முறையீட்டில், குற்றம் உறுதியானபோதும் அவர் சிறைக்கு அனுப்பப்படவில்லை, நன்னடத்தையின்பேரில் விடப்பட்டார். குற்றவியல் மன்றமே, போய் உன் பிழைப்பைப் பார் என்று சொல்லிவிட்டது. வைப்பகமோ, உனக்குப் பிழைப்பே இல்லை என்று சொல்லி வேலையைவிட்டு நீக்கிவிட்டது. அவர் ஒரு காசும் திருடவில்லை. ஒரு கணக்கையும் திருத்தவில்லை. ஒரு கையெழுத்தையும் போலியாக இடவில்லை. சென்னை உயர்முறைமன்றம் அந்நீக்கத்தை ஏற்கவில்லை. வைப்பகம் அதோடு நிற்காமல் உச்ச முறைமன்றம்வரை அவரைத் துரத்தியது. 2019 ஏப்பிரல் 26-ஆம் நாள் உச்ச முறைமன்றம் வைப்பகத்தின் மேன்முறையீட்டைத் தள்ளியது. எல்லாக் குற்றமும் ஒழுக்கக்கேடாகாது. அவ்வழக்கின் சூழலில் அவர் செய்தது அவ்வகையினதன்று என்று தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பைப் பாராட்டலாம். ஆனால் அதனால் அமைந்துவிட முடியாது. ஓர் அடிதடி ஒழுக்கக்கேடா அன்றா என்று அறிய ஓர் ஏவலர் தில்லிவரை வழக்காட வேண்டியிருந்தது என்பதே அச்சட்டத்தின்மீது எழுதப்பட்ட குற்றப்பத்திரம். அவர் ஒருவர் சென்றார். செல்ல முடியாமல் வீட்டிலேயே ஒடுங்கிப் போனவர்களுக்குத் தீர்ப்பு எழுதியவர் யார்?

முறைமன்றம் எச்சரிக்காமலும் இல்லை. அரியானா மாநிலத்தில் கடைநிலை ஊழியர் ஒருவர், பொது இடத்தில் இழிசெயல் செய்தார் என்ற 294-ஆம் பிரிவுக் குற்றத்திற்காக 20 உருபா தண்டம் கட்டினார், வேலையை இழந்தார். அவ்வழக்கில் 1996-ஆம் ஆண்டு உச்ச முறைமன்றம், அக்குற்றத் தீர்ப்பு ஒன்றே ஒழுக்கக்கேட்டைக் காட்டாது என்றது. 2,000 உருபாவரை தண்டம் மட்டும் விதிக்கப்பட்ட சிறு குற்றங்கள் எவருடைய அரசு வேலைக்கும் தடையாகாதபடி நாடாளுமன்றம் சட்டம் செய்யவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. அத்தகைய வரம்பு எதுவும் வைப்பகச் சட்டத்தின் அவ்வுட்பிரிவில் இன்றுவரை ஏறவில்லை. இருபது உருபா! ஒரு வேளை உணவின் விலைகூட இல்லாத அத்தொகை ஒரு குடும்பத்தின் வாழ்நாள் உணவையே விழுங்கவல்லது.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. வேலையில் சேருமுன் ஒரு படிவம் தருகின்றார்கள். எப்போதேனும் தளைப்படுத்தப்பட்டதுண்டா, வழக்கு நடந்ததுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா என்று அது கேட்கின்றது. உண்மையை எழுதினால் வேலை கிடைக்காது. எழுதாமல் மறைத்தால், பின்னர்க் காவல்துறை அறிக்கை வரும்போது, மறைத்த குற்றத்திற்காக வேலை போகும். 2016-ஆம் ஆண்டு உச்ச முறைமன்றத்தின் மூவர் ஆயம், இளமையில் முழக்கமிட்டது போன்ற சிறு செயல்களை மறைத்திருந்தால் வேலை தருவோர் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. 'பொறுத்துக்கொள்ளலாம்' என்பதற்கும் 'பொறுத்துக்கொள்ள வேண்டும்' என்பதற்கும் இடையில் கிடக்கும் பள்ளத்தில் எத்தனை இளைஞர்கள் விழுகின்றார்களோ!

மெய் சொன்னாலும் கேடு, பொய் சொன்னாலும் கேடு என்றாக்கிவிட்டு, ஊழியரிடம் ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது என்ன ஒழுக்கம்?

இந்தியச் சட்டம் பிறந்த மறு ஆண்டே, 1950-இல், அமெரிக்காவும் இதே போன்ற தடையைத் தன் வைப்புக் காப்பீட்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் எழுதிவைத்தது. நாணயக்கேடான குற்றத்திற்குத் தண்டிக்கப்பட்டவர், காப்பீட்டுக் கழகத்தின் எழுத்துவழி இசைவின்றி வைப்பகத்தில் பணிபுரியக் கூடாது. பின்னாளில் அது இன்னும் கடுமையாக்கப்பட்டது: மீறினால் நாளொன்றுக்குப் பத்திலக்கம் தாலர்வரை தண்டம், ஐந்தாண்டுவரை சிறை.

அதன் விளைவைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. 1963-ஆம் ஆண்டு, அயோவா மாநிலத்தில் ஓர் இளைஞர் துணிவெளுக்கும் பொறியில் பத்துக்காசு நாணயத்திற்கு மாற்றாக, அதே அளவில் வெட்டிய அட்டைத்துண்டைப் போட்டு அகப்பட்டார். அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்தது. 2012-ஆம் ஆண்டு, 68 அகவையில், வாடிக்கையாளர்களுக்கு விடையிறுக்கும் வேலையில் இருந்த அவரை, அந்த அட்டைத்துண்டுக்காக வெல்சு பார்கோ வைப்பகம் வெளியேற்றியது. அவரைப் போலவே பழங்குற்றங்களுக்காக வேலையிழந்தவர்களில் கறுப்பின மக்களும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் பேரளவினர் என்று கூறி அவ்வைப்பகத்தின்மேல் வழக்கிட்டார்கள். சட்டம் அவ்வளவு கடுமையாக இருந்தமையால் 2018-இல் மேன்முறையீட்டு மன்றத்தில் வைப்பகமே வென்றது.

அவ்வளவு தூய்மை காத்த வைப்பகத்தின் உள்ளே நடந்தது என்ன? வாடிக்கையாளர் அறியாமலே அவர்கள் பெயரில் இலக்கக்கணக்கான பொய்க் கணக்குகளைத் தொடங்கியது 2016-ஆம் ஆண்டு வெளிப்பட்டது. முதலில் 18.5 கோடி தாலர் தண்டம். 2020-இல் மேலும் 300 கோடி தாலர். விற்பனை இலக்கு என்னும் சாட்டையால் ஊழியரை அடித்து அத்தீங்கைச் செய்வித்த மேலிடத்தவர்கள், ஒரு பத்துக்காசைக்கூட அட்டையில் வெட்டியவர்களல்லர். அவர்களின் கடந்தகாலம் மாசற்றது. அம்மாசற்றவர்களுள், சில்லறை வைப்பகப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டபோதும் சிறைக்கு அனுப்பப்படவில்லை. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பே விதிக்கப்பட்டது. வாயிற்படியில் அட்டைத்துண்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மேன்மாடத்தில் கொள்ளை நடந்துகொண்டிருந்தது.

இந்நாட்டிலும் கதை வேறன்று. 2018-இல் வெளிப்பட்ட பஞ்சாபு நேசனல் வைப்பக ஏய்ப்பு 13,000 கோடி உருபாவுக்கும் மேற்பட்டது. 1949-ஆம் ஆண்டின் தடை அப்போதும் உயிரோடுதான் இருந்தது. அவ்வைப்பகத்தில் பணிபுரிந்தவர் அனைவரும் அந்தச் சல்லடையில் சலிக்கப்பட்டு வந்தவர்கள்தாம். சல்லடை எதைத் தடுத்தது? கல்லைத் தடுக்காமல் நெல்லைக் கொட்டும் சல்லடை யாருக்கு வேண்டும்?

ஆனால், அமெரிக்கா ஒன்றைக் கற்றுக்கொண்டது. 2022 திசம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் அப்பிரிவைத் திருத்தியது. பெரும் பொருட்குற்றங்கள் சில நீங்கலாக, குற்றம் நிகழ்ந்து 7 ஆண்டுகள் கழிந்தால், அல்லது சிறையிலிருந்து விடுதலையாகி 5 ஆண்டுகள் கழிந்தால், தடை இல்லை. 21 அகவைக்குள் செய்த குற்றமாயின் தண்டனை விதித்ததிலிருந்து 30 திங்கள் கழிந்தாற் போதும். கடைப்பொருள் திருட்டு, பொய் அடையாள அட்டை, கட்டணமின்றிப் பயணம் முதலிய சிறு குற்றங்களுக்கு ஓராண்டே. முதலாளியத்தின் தலைநகரே இறங்கிவந்துவிட்டது. நிகரமைக் குடியரசு என்று தன் அரசமைப்பின் முகப்பில் எழுதிவைத்திருக்கும் நாடு மட்டும் 1949-லேயே நின்றுகொண்டிருக்கின்றது!

வைப்பகத்தில் இருப்பது ஏழைகள் வாயைக்கட்டி வயிற்றைக்கட்டிச் சேர்த்த பணம். அதைக் காக்கக் கடுமை வேண்டாவா என்று சிலர் கேட்பர். வேண்டும், மிகவும் வேண்டும். பிறர் பணத்தைக் கையாடியவனை, கள்ளக் கையெழுத்திட்டவனை, அண்மையில் திருடி அகப்பட்டவனைப் பணப்பெட்டியின் அருகில் விடச் சொல்வார் எவருமில்லர். ஆனால், காப்பு என்பது ஆராய்ந்து வைக்கும் காவல். கண்ணைக் கட்டிக்கொண்டு சுழற்றும் வாளன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் தெருச்சண்டையில் அடித்தவனால் இன்று வைப்புத்தொகைக்கு என்ன கேடு? அவன் அவ்வைப்பகத்திலேயே பல்லாண்டு மாசின்றி உழைத்திருந்தால், அவ்வுழைப்பைவிடச் சிறந்த நற்சான்று எந்தக் காவல்நிலையத்தில் கிடைக்கும்? அவனை நீக்குவதால் பெட்டிக்குக் காப்பு கூடுவதில்லை. பட்டறிவுள்ள ஒரு கை குறைகின்றது. வெளியே தள்ளப்பட்டவனுக்கு நேர்வழி அடைபடுவதால், குற்றத்தின் வழியே திறக்கின்றது. குற்றத்தை ஒழிக்க வந்த சட்டம் குற்றவாளியை வளர்க்கின்றது.

ஆளைத் தேர்ந்து பணியில் அமர்த்துவது எப்படி என்பதைத் தமிழன் வேற்றவரிடம் கற்கவேண்டியதில்லை. தெரிந்து தெளிதல் என்று அதற்கெனவே ஒரு தனிப்பகுதி வைத்தவர் திருவள்ளுவர். அரிய நூல்களைக் கற்றுத் தெளிந்தவரிடத்தும் நுணுகிப் பார்த்தால் குறையே இல்லாமை அரிது என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே, குணத்தையும் ஆராய்க, குற்றத்தையும் ஆராய்க, இரண்டில் மிகுந்தது எதுவோ அதைக்கொண்டு ஆளை அறிக என்றார். நிறைகோலின் இரு தட்டும் வேண்டும் என்பது அவ்வறம். இவ்வுட்பிரிவோ குற்றத்தட்டை மட்டும் தொங்கவிட்டுக் குணத்தட்டை அறுத்தெறிந்துவிட்டது. ஒருதட்டுத் தராசைக் கடைத்தெருவில் வைத்தால் வணிகனைத் தண்டிக்கின்றார்கள்; சட்டப் புத்தகத்தில் வைத்தால் அதற்குச் சட்டம் என்று பெயரிடுகின்றார்கள்!

ஒருமுறை இட்ட முத்திரையை அழியாமல் வைத்திருக்கும் இவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் தமிழ் மக்கள் மறக்கலாகாது. பிறப்பையே குற்றமாக்கிய குற்றப்பரம்பரைச் சட்டத்தை 1871-இல் வடபுலத்தில் கொண்டுவந்தவன் வெள்ளையன். 1911-இல் அது சென்னை மாகாணத்திற்கும் நீட்டப்பட்டது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்பிரல் 3-ஆம் நாள் சுடப்பட்டார்கள். 16 உயிர்கள் மாண்டன. அச்சட்டம் இந்தியா முழுவதும் நீக்கப்பட்டது 1952-இல்தான். அதை இயற்றியவன் போய்விட்டான். அவனுடைய பார்வை மட்டும் போகவில்லை. ஒருவன் இன்று என்ன செய்கின்றான் என்று பாராமல், அவன்மீது என்றோ என்ன எழுதப்பட்டது என்று மட்டும் பார்க்கும் பார்வை அது. காவல்நிலையத்தின் கண்ணில் எளிதாகப் படுபவன் எப்போதும் குப்பத்திலும் சேரியிலும் வாழ்பவனே. செல்வன் வீட்டுப் பிள்ளையின் அடிதடி, வாயில்காப்போனைக் கடந்து வழக்காவதே அரிது. அதனால், இத்தடை பார்வைக்கு எல்லார்க்கும் பொது. விழுவது ஏழையின் தலையில்.

எனவே, செய்யவேண்டுவன தெளிவானவை. ஒழுக்கக்கேடான குற்றங்கள் எவையெவை என்று அச்சட்டத்திலேயே பட்டியலிட வேண்டும். அப்பட்டியல் பொருளேய்ப்பு, கையாடல், திருட்டு, கள்ளக் கையெழுத்து போன்ற வைப்பகப் பணியைத் தொடும் குற்றங்களோடு நிற்கவேண்டும். தடைக்குக் கால எல்லை வகுக்க வேண்டும். குழும இயக்குநருக்கு ஐந்தாண்டு போதுமாயின் ஏவலருக்கும் ஐந்தாண்டு போதும். தண்டம் மட்டும் கட்டிய சிறு குற்றங்களையும், இளமைப் பிழைகளையும் அடியோடு விலக்க வேண்டும். 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், அதன்கீழ் விடப்பட்டவருக்குத் தண்டனையோடு ஒட்டிய தகுதியிழப்பு இல்லை என்று 12-ஆம் பிரிவில் கூறுகின்றது. அதை வைப்பகங்கள் மதித்து நடக்க வேண்டும். நீக்குமுன் ஊழியரின் சொல்லைக் கேட்கவும், அவருடைய பணிக்காலத்தை எடைபோடவும், தக்கவர்க்கு விலக்களிக்கவும், வைப்பகத்தைச் சாராத ஓர் ஆயம் வேண்டும். உயர்ந்த இருக்கையில் இருப்பவருக்குக் கடுமையும், தாழ்ந்த இருக்கையில் இருப்பவருக்குக் கனிவும் என்று அளவு மாறவேண்டும். பெருங்கேடு எப்போதும் மேலிருந்தே இறங்குகின்றது.

வைப்பக ஊழியர் சங்கங்கள் ஊதிய உயர்வுக்கு மட்டும் கொடிபிடித்தால் போதாது. தம்முள் ஒருவர் பழைய தாள் ஒன்றுக்காகத் தெருவில் நிறுத்தப்படும்போது அவர்பக்கம் நிற்பதே சங்கத்தின் முதற்கடமை. தமிழ்நாட்டிலிருந்து நாடாளுமன்றம் செல்வோர் இவ்வுட்பிரிவைத் திருத்தும் முன்வரைவை அங்கே வைக்கவேண்டும். தங்களுக்கு ஆறாண்டு எல்லை வகுத்துக்கொண்ட அவையினர், தங்கள் வாயிலில் நிற்கும் ஏவலருக்கு எல்லை வகுக்க மறுப்பாராயின், அவர்கள் எந்த முகத்தோடு மக்கள்முன் வருவார்கள்?

தண்டனையைக் கழித்தவன் கடனைத் தீர்த்தவன். தீர்த்த கடனுக்கு மறுபடியும் வட்டி கேட்பவனை ஊர் கொடுமையன் என்று தூற்றும். எழுபத்தைந்து ஆண்டுகளாக அவ்வட்டியைத் தண்டிக்கொண்டிருப்பது ஓர் அரசு. தீர்ந்த கணக்கை மூடுக. அல்லது அறம் என்னும் சொல்லை வாயால் சொல்வதை விடுக!